பஃபர் அவுட்புட்டுக்கு 100 ஓம் மட்டும் போதுமா?

கிதார்ப்பிரியன்: 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் டிஎல்072 ஐசி பஃபர் (கிதார் சிக்னல் கேபிளில் தேயாமல் அனுப்பும் சர்க்யூட்) ஒன்று கட்டியிருக்கிறேன். அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 100 ஓம் ரெசிஸ்டர், அப்புறம் ஜாக். இதற்கு மேல் பாதுகாப்பு தேவையா?

மின்வினைஞன்: தேவையில்லை. ஜாக்கைச் செருகும்போது அவுட்புட் கிரவுண்டில் படத்தான் செய்யும். ஐசிக்குள்ளேயே கரண்ட் லிமிட் உண்டு, தாங்கும். நீளமான கேபிளால் ஆசிலேட் ஆகாமல் (தானாக அதிர்ந்து சத்தம் போடாமல்) அந்த 100 ஓம் பார்த்துக்கொள்ளும். எளிய சர்க்யூட்டில் டயோடுகளை அடுக்காதீர்கள்.

ஈயப்புகை: கிரவுண்டில் பட்டால் தாங்கும், சரி. கச்சேரி மேடையில் கிதார் ஜாக்கை மைக் சாக்கெட்டுக்கு மாற்றும் கேபிள் போட்டு மிக்சரின் மைக் இன்புட்டில் செருகுகிறார்களே, அங்கே 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக்குக்காக மிக்சர் அதே கேபிள் வழியே அனுப்பும் டிசி) ஆனில் இருந்தால்? மிக்சருக்குள் இருக்கும் 6.8 கிலோஓம் வழியாக வருவதால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது 7 மில்லியாம்பியரைத் தாண்டாது. ஆபத்து அதற்கப்புறம்தான். ஜாக் பக்கம் 48 வோல்ட், ஐசி பக்கம் பேட்டரியில் பாதியான 4.5 என்று கெபாசிட்டர் நிற்கும்போது கேபிளைப் பிடுங்கி முனை கிரவுண்டில் பட்டால், ஐசி பக்கம் மைனஸ் 43க்குப் போகப் பார்க்கும். 100 ஓம் வழியே ஒரு கணம் 400 மில்லியாம்பியருக்கு மேல் பாயும். உள்ளே இருக்கும் கரண்ட் லிமிட் இதைத் தடுக்காது.

மின்வினைஞன்: அப்படியென்றால் 1 கிலோஓம் போடுங்கள். 43 மில்லியாம்பியராகக் குறைந்துவிடும். 10 கிலோஓம் லைன் இன்புட்டில் இழப்பு 0.8 டெசிபல்தான்.

ஈயப்புகை: நாம் பேசுவது மைக் இன்புட். அது பெரும்பாலும் 2 கிலோஓம் அளவில் இருக்கும். சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் ரெசிஸ்டரிலேயே போய்விடும். மிச்சக் கரண்ட்டும் ஐசியின் கால் வழியாகத்தானே போகிறது? கெபாசிட்டரின் ஐசி பக்கத்தில் கிரவுண்டுக்கு ஒன்று, சப்ளைக்கு ஒன்று என 1என்4004 டயோடுகளை ரிவர்ஸ் பயாஸில், அதாவது வோல்ட்டேஜ் எல்லை மீறினால் மட்டும் கரண்ட் பாயும்படி வையுங்கள். ஐசிக்கும் அவற்றுக்கும் நடுவே 47 ஓம். ஜாக் பக்கத்து 100 ஓம் அப்படியே இருக்கட்டும்.

மின்வினைஞன்: பேட்டரியைக் கழற்றியிருந்தால் மேல் டயோடு சப்ளை லைனையே தூக்கிவிடுமே?

ஈயப்புகை: நியாயமான கேள்வி. சப்ளைக்குக் குறுக்கே 12 வோல்ட் ஜீனர் (அந்த வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத டயோடு) ஒன்று போட்டால் அங்கேயே நிற்கும்.

கிதார்ப்பிரியன்: என் கெபாசிட்டர் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக், ப்ளஸ் ஐசி பக்கம்.

ஈயப்புகை: தம்பி, முதலில் அதை மாற்றுங்கள். பேன்டம் வந்தால் அதன் மேல் 40 வோல்ட்டுக்கு மேல் தலைகீழாக விழும். 63 வோல்ட் நான்-போலார் (ப்ளஸ், மைனஸ் திசை பார்க்காத வகை) வாங்குங்கள்.

மின்வினைஞன்: கெபாசிட்டர் விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மேடைக்கு டிரான்ஸ்ஃபார்மர் டிஐ பாக்ஸ்தான் (கிதார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) சரி. டிசி அதைத் தாண்டி வராது, பஃபரும் எளிமையாக இருக்கும்.

ஈயப்புகை: எல்லா மேடையிலும் டிஐ கிடைக்காது. டயோடு என்றால் பஃபர் பெட்டிக்குள்ளேயே எப்போதும் இருக்கும்.