ஒரே பெட்டியில் மூன்று கன்டெய்னர்: ஹோஸ்ட் நெட்வொர்க்கா, பிரிட்ஜா?

கல்லிடை_அப்பளம்
அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்கு பில்லிங் புரோகிராம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆபீஸ் அறையில் சின்ன உபுண்டு பெட்டி, அதில் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்கிற தனித்தனி டப்பாவில் ஓட்டுகிற மென்பொருள்). ஒரு கன்டெய்னரில் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) ஆப், ஒன்றில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒன்றில் டேட்டாவை மெமரியில் வைக்கிற ரெடிஸ். மூன்றையும் தனித்தனி ரன் கமாண்டில் ஏற்றினேன். ஆப்பில் லோக்கல்ஹோஸ்ட் 5432 (போஸ்ட்கிரெஸின் போர்ட்) என்று கொடுத்தால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. போஸ்ட்கிரெஸின் ஐபி 172.17.0.2 என்று பார்த்து அதைக் கொடுத்ததும் ஓடியது. நேற்று கரண்ட் போய் வந்ததும் மறுபடி படுத்துவிட்டது. பிசானம் அறுப்பு நேரம், நெல் வண்டி வாசலில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

ஜங்ஷன்_ரூட்டர்
மூன்றையும் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் விடுங்க. பெட்டியின் நெட்வொர்க்கையே மூன்றும் எடுத்துக்கொள்ளும், லோக்கல்ஹோஸ்ட் அப்படியே வேலை செய்யும். ஒரு மில்லுக்கு இதற்கு மேல் என்ன வேணும்?

வண்ணாரப்பேட்டை_செர்வர்
அவசரப்படாதீங்க தம்பி. கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே, வேறு யாரும் இல்லை. 172.17 முகவரிகளோ எது முதலில் எழுந்ததோ அதற்கு முதலில் போகும். கரண்ட் வந்ததும் ரெடிஸ் முந்திக்கொண்டிருக்கும், 0.2 அதற்குப் போயிருக்கும். உங்கள் ஆப் ரெடிஸ் வாசலில் போய் போஸ்ட்கிரெஸைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

சொந்தமாக ஒரு பிரிட்ஜ் நெட்வொர்க் (பெட்டிக்குள்ளேயே கன்டெய்னர்களுக்கான தனி நெட்வொர்க்) உருவாக்கி மூன்றையும் அதில் சேருங்க. அங்கே 127.0.0.11 முகவரியில் டாக்கரின் டிஎன்எஸ் இருக்கும். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னருக்கு ‘டிபி’ என்று பெயர் வைத்து, ஆப்பில் ஹோஸ்ட் பெயராக அதையே கொடுத்தால் அந்த நேரத்து ஐபியை அதுவே சொல்லிவிடும். நீங்கள் இப்போது இருக்கும் டிஃபால்ட் பிரிட்ஜில் இந்த வசதி கிடையாது. கம்போஸ் ஃபைல் (மூன்று கன்டெய்னரையும் ஒரே இடத்தில் விவரிக்கிற ஃபைல்) எழுதினால் இந்த நெட்வொர்க் தானாக வந்துவிடும்.

ஜங்ஷன்_ரூட்டர்
அண்ணாச்சி, பிரிட்ஜ் பாதுகாப்பு என்று அடுத்து சொல்லப்போறீங்க, அதனால் முந்திக்கொள்கிறேன். பிரிட்ஜில் ஒரு போர்ட்டை பப்ளிஷ் பண்ணினால் (வெளியே திறந்துவிட்டால்) டாக்கர் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி) தன் ரூல்களை எழுதிக்கொள்கிறது. பாக்கெட் இன்புட் செயினுக்கு (பெட்டிக்கே வருவதைச் சோதிக்கும் இடம்) வருவதற்குள் முகவரி மாறி ஃபார்வர்டு பக்கம் (கன்டெய்னருக்குக் கடத்திவிடும் வழி) போய்விடும். யூஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால்) 5432-ஐ டினை என்று போட்டிருந்தாலும் கதவு திறந்துதான் கிடக்கும். ஹோஸ்ட் மோடில் இந்தக் கண்கட்டு வித்தை இல்லை. எல்லாம் இன்புட் வழியாகத்தான் வந்தாகணும்.

வண்ணாரப்பேட்டை_செர்வர்
அது உண்மைதான் வே. ஆனால் 5432-ஐ பப்ளிஷ் பண்ணச் சொன்னது யாரு? ஒரே நெட்வொர்க்கில் இருக்கிற கன்டெய்னர்கள் பப்ளிஷ் இல்லாமலே பேசிக்கொள்ளும். வெளியே தெரிய வேண்டியது ஆப்பின் போர்ட் ஒன்றுதான். டேபிளைத் திறந்து பார்க்கணும் என்றால் 127.0.0.1:5432:5432 என்று கட்டிவிட்டு எஸ்எஸ்ஹெச் டனல் (பெட்டிக்குள் போகும் பூட்டிய வழி) வழியாகப் போகலாம். யூஎஃப்டபிள்யூ பற்றி இவ்வளவு சொன்னீங்களே, உபுண்டுவில் அது தானாக ஓடாது, நாமதான் எனேபிள் பண்ணணும். போஸ்ட்கிரெஸ் இமேஜோ எல்லா இன்டர்ஃபேஸிலும் காது வைக்கும். ஹோஸ்ட் மோடில் மில் வைஃபையில் சேர்ந்த லாரி டிரைவர் செல் வரைக்கும் டேட்டாபேஸ் எட்டும்.

கல்லிடை_அப்பளம்
வைஃபை பாஸ்வேர்டு சுவரில் எழுதி ஒட்டியிருக்கு அண்ணாச்சி.

பொருநைக்கரை
பில் பிரிண்டரை யாரும் யோசிக்கவில்லையே. லேன் பிரிண்டரை பிராட்காஸ்ட் போட்டுத் தேடிப் பிடிக்கிற புரோகிராம் என்றால் பிரிட்ஜுக்குள்ளிருந்து அது கண்ணில் படாது. பிராட்காஸ்ட் கன்டெய்னர் பிரிட்ஜைத் தாண்டி மில் லேனுக்கு வராது.

ஜங்ஷன்_ரூட்டர்
இதைத்தான் சொல்ல வந்தேன்!

வண்ணாரப்பேட்டை_செர்வர்
ஏன் தேடணும்? ரூட்டரில் பிரிண்டருக்கு ஒரு ஐபியை ரிசர்வ் பண்ணி, 9100 போர்ட்டுக்கு நேராக அனுப்பினால் போதும். உள்ளிருந்து வெளியே போகிற கனெக்‌ஷனை பிரிட்ஜ் தடுக்காது.

கல்லிடை_அப்பளம்
பிரிண்டர் ஐபி ஏற்கெனவே நிலையானதுதான். எடைமேடையிலிருந்து எடை வருவது சீரியல் கேபிளில், யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக. அதற்கு எந்த மோட்?

பொருநைக்கரை
அதற்கு நெட்வொர்க்கே சம்பந்தமில்லை. கம்போஸில் டிவைஸஸ் பகுதியில் அந்த டிடிஒய் போர்ட்டை (சீரியல் கேபிளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) கொடுத்துவிடுங்க. அப்புறம் ஒன்று: டிபெண்ட்ஸ்-ஆன் (எதற்குப் பிறகு எது எழணும் என்கிற வரி) மட்டும் போட்டால் போஸ்ட்கிரெஸ் தயாராகும் வரை ஆப் காத்திருக்காது. ஹெல்த்செக்கில் பிஜி-இஸ்ரெடி (போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் கமாண்ட்) வைத்து, சர்வீஸ் ஹெல்தி என்கிற கண்டிஷனும் சேருங்க. ரீஸ்டார்ட் பாலிசியை (கன்டெய்னர் தானாக மறுபடி எழுவதற்கான அமைப்பு) மறக்காதீங்க. அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் இதுதான் காப்பாற்றும்.

ஜங்ஷன்_ரூட்டர்
சரி, கடைசியாக ஒன்று. கம்போஸ் புதிது புதிதாக நெட்வொர்க் உருவாக்கும்போது 172.18, 172.19 என்று எடுத்துக்கொண்டே போகும். டவுன் ஆபீஸ் விபிஎன்னும் (அந்த ஆபீஸோடு இணைக்கிற தனி இணைப்பு) அதே ரேஞ்சில் இருந்தால் மில்லிலிருந்து அந்தப் பக்கமே போக முடியாது. ஹோஸ்ட் மோடில் இந்தத் தலைவலி கிடையாது.

வண்ணாரப்பேட்டை_செர்வர்
இது நியாயமான பயம். டாக்கரின் டீமன் ஜேசன் என்கிற செட்டிங் ஃபைலில் டிஃபால்ட் அட்ரஸ் பூல்ஸ் என்று ஒன்று உண்டு, அங்கே விபிஎன்னோடு மோதாத ரேஞ்சைக் கொடுக்கணும். ஏற்கெனவே உருவான நெட்வொர்க்குக்கு இது பொருந்தாது, அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி ஏற்றணும்.

கல்லிடை_அப்பளம்
கம்போஸுக்கு மாற்றிவிட்டேன். வெளியே ஆப் போர்ட் மட்டும். மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றிப் பார்த்தாச்சு, பில் வருகிறது. விபிஎன் ரேஞ்சை டவுன் ஆபீஸில் கேட்டிருக்கிறேன்.

ஜங்ஷன்_ரூட்டர்
இந்த மில்லுக்கு ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு லேனில் கேமராக்களைத் தேடிப் பிடிக்கிற கன்டெய்னர் ஒன்றை முதலாளி கேட்பார் பாருங்க, அதற்கு ஹோஸ்ட் மோட்தான் சுலபம். அப்போ வண்ணாரப்பேட்டை அண்ணாச்சியைக் கூப்பிடாதீங்க.