பயண நூல்களில் கண்ட ஊர்களைவிட நாவல்களில் கண்ட ஊர்கள் ஏன் மனத்தில் தங்குகின்றன?

கேள்வி: ஏட்டுச்சுவடி

அண்மைக் காலமாக நாவல்களையும் பயண நூல்களையும் மாற்றி மாற்றிப் படித்து வருகிறேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, அசோகமித்திரனின் ‘ஒற்றன்’, ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ ஆகிய நான்கும் அடுத்தடுத்து வாய்த்தன. நான்கையும் விரும்பியே படித்தேன். ஆனால், படித்து முடித்துச் சில வாரங்கள் சென்றபின் நினைத்துப் பார்க்கையில், நாவல்களில் வந்த ஊர்கள் தெருத்தெருவாக நினைவில் நிற்கின்றன. பயண நூல்களில் வந்த ஊர்களில் பலவும் பெயர்களாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

சிங்காரத்தின் நாவலில் வரும், சுமத்ரா தீவிலுள்ள மெடான் நகரையே எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானியப் படை நகருக்குள் நுழைவதைப் பார்க்கத் திரண்டு நிற்கும் கூட்டம், மொஸ்கி ஸ்ட்ராட்டின் வட்டிக்கடைகள், பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதும் அடுத்தாட்கள் என்னும் கடை உதவியாளர்கள், அந்நிய மண்ணில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கும் நாயகன் பாண்டியன் என்று எல்லாமே கண்ணெதிரே நிற்கின்றன. தொங்கான் என்னும் பாய்மரக் கப்பல் நடுக்கடலில் புயலில் சிக்கும் பகுதியில் வாக்கியங்களே அலைக்கழிகின்றன. ‘ஒற்றன்’ நாவலில் இத்தகைய கொந்தளிப்பு எதுவும் கிடையாது. அமெரிக்காவின் அயோவாவில் பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் தங்கியிருக்கிறார்கள். பெரு நாட்டைச் சேர்ந்த பிராவோ, தான் எழுதவிருக்கும் நாவலின் பாத்திரங்களையும் நிகழ்ச்சிகளையும் பெரிய வரைபடமாகத் தீட்டி வைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டுகிறான். குளிரும் தனிமையும் சின்னச்சின்ன மனத்தாங்கல்களும் சேர்ந்து அந்த ஊரை எனக்கு மிகவும் அணுக்கமாக்கிவிட்டன.

செட்டியாரோ எத்தனையோ நாடுகளைப் பார்த்தவர். தம்மைச் சிறிதும் முன்னிறுத்தாமல், நேரான எளிய நடையில் எழுதுகிறார். படிக்கும்போது அந்த நடை மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது. பிறகு ஏன் அவர் பார்த்த ஊர்கள் அவ்வளவு விரைவில் மங்கிவிடுகின்றன? இது பயண இலக்கியத்தின் இயல்பிலேயே உள்ள எல்லையா, அல்லது புனைவுக்கு மட்டும் வாய்த்த ஏதோ ஒன்று இதில் இருக்கிறதா? இந்நூல்களைப் படித்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: நெடுந்தெரு

தாங்கள் குறிப்பிட்ட இரண்டு நாவல்களும் எழுதியவர்கள் உண்மையில் வாழ்ந்து பார்த்த ஊர்களைப் பற்றியவை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சிங்காரம் இளம் வயதிலேயே பிழைப்புக்காகக் கடல் கடந்து மெடானுக்குச் சென்றவர். அசோகமித்திரன் 1973-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் திட்டத்தில் கலந்துகொண்டு, பல மாதங்கள் அங்கே தங்கியிருந்தவர். ஆகவே, ஒன்று கற்பனை, மற்றொன்று உண்மை என்ற வேறுபாட்டைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முடியாது.

வேறுபாடு இரண்டு இடங்களில் இருப்பதாக நான் கருதுகிறேன். முதலாவது, அந்த ஊரிடம் அவர்களுக்கு இருந்த தேவை. வட்டிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவனுக்குத் தெரு என்பது வேடிக்கை பார்க்கும் இடமன்று. கடன் வாங்கியவன் எந்தச் சந்தில் குடியிருக்கிறான், எந்த மொழியில் பேசினால் மசிவான், யாரிடம் வாய்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தக் கண்ணோடுதான் சிங்காரம் மெடானைப் பார்க்கிறார். பயணிக்கு அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லை. அவன் நாளை மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். இந்த ஊர் அவனுக்கு நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது.

இரண்டாவது, எழுதிய காலம். ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல்தான் நூலாக வெளிவந்தது. போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் பணியில் இருந்துகொண்டு, தொலைவிலிருக்கும் மெடானை நினைவிலிருந்தே அவர் எழுப்பியிருக்கிறார். ‘ஒற்றன்’ நூலாக வந்தது 1985-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மறக்கக் கூடியவை எல்லாம் மறந்துபோய், மனம் விடாமல் பற்றிக்கொண்டவை மட்டுமே பக்கங்களில் வந்து சேர்ந்திருக்கின்றன. பயண நூலோ பெரும்பாலும் குறிப்பேட்டிலிருந்து உடனடியாக எழுதப்படுவது. எது நிலைக்கும், எது நிலைக்காது என்று எழுதியவருக்கே அப்போது தெரிந்திருக்காது. ஆசிரியர் மனத்திலேயே இன்னும் வடிகட்டப்படாத ஒன்று நம் மனத்தில் நிலைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினமே.

மறுமொழி: வழிப்போக்கர்

நண்பர் நெடுந்தெரு சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும், நினைவில் தங்குவது ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு செட்டியாரை மதிப்பிடுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

தமிழில் வழிப்பயணத்தைப் பற்றிய எழுத்துக்கு நீண்ட மரபு உண்டு. சங்கப் பாடலான மலைபடுகடாத்தைப் பாருங்கள். நன்னன் என்னும் மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிர்ப்படும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். காட்டுப்பன்றிகளுக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள் எங்கே வந்து விழும், எங்கே பாம்புக்கு அஞ்சி நடக்க வேண்டும் என்று அடுத்து வருபவனின் கால்களை மனத்தில் வைத்துக்கொண்டு அப்பாடல் பேசுகிறது. அவன் சொல்வதில் ஒரு செய்தி பொய்யாக இருந்தாலும் கேட்டவனுக்கு ஆபத்து. பயண எழுத்தின் அறம் இந்த நம்பகத்தன்மையில்தான் இருக்கிறது. நாவலாசிரியர் பத்துப் பேரை ஒரே பாத்திரமாக்கலாம், இரண்டு தெருக்களை ஒன்றாக இணைக்கலாம். பயண நூலாசிரியருக்கு அந்த உரிமை கிடையாது.

‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940-இல் வெளிவந்தபோது, அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாடுகளைத் தம் வாழ்நாளில் காணப் போவதில்லை. படங்கள் வழியாகப் பார்க்கும் வசதியும் அன்று மிகக் குறைவு. அந்த வாசகருக்கு மிகைப்படுத்தாமலும், தன் பெருமை பேசாமலும், கண்டதைக் கண்டவாறு சொல்ல வேண்டும் என்று ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. தாங்கள் மங்கலாகக் காணும் அந்த நடையில் நான் காண்பது நேர்மையை.

தேவை உள்ள பயணியாகச் செட்டியாரைக் காண விரும்பினால், அவருடைய ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலைத் தவறாமல் படியுங்கள். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றுகிறது. 1940-இல் அப்படம் வெளிவரும் வரை, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி அவர் அலைந்த கதை அது. அங்கே ஒவ்வொரு ஊரிலும் அவருக்கு ஒரு காரியம் இருக்கிறது; யாரையோ பார்த்தாக வேண்டும், எதையோ கேட்டுப் பெற்றாக வேண்டும். நண்பர் நெடுந்தெருவின் முதல் காரணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறுமொழி: கரைவழி

ஒரே ஆசிரியர் ஒரே ஆற்றை இரண்டு வகையாகவும் எழுதியிருக்கிறார் என்பதை ஒருவரும் குறிப்பிடவில்லையே. ‘மோகமுள்’ நாவலில் பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் கும்பகோணத்தில் காவிரி இருக்கிறது. அதே ஜானகிராமன் சிட்டியோடு சேர்ந்து குடகுமலை முதல் பூம்புகார் வரையிலான காவிரியை எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971-இல் வந்தது. நாவலில் ஆற்றைப் பற்றித் தனியே வருணனை செய்ய வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை. பாபுவின் மனம் கலங்கும்போதும் தெளியும்போதும் அது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பயண நூலில் அதே ஆறு ஆராயப்படும் பொருளாகிவிடுகிறது. மேல்காவிரியில் ஆசிரியர்கள் விருந்தினர்களைப் போலப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். தஞ்சை மண்ணுக்குள் வந்ததும் நடையில் உரிமை ஏறுகிறது என்பது என் வாசிப்பு. அந்தப் பகுதியை மட்டும் ‘மோகமுள்’ளின் கும்பகோணத்தோடு சேர்த்து மீண்டும் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயண நூலில் வரும் ஊரும் மனத்தில் தங்கும் என்பதற்கு அப்பக்கங்களே போதும்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

மூவருக்கும் நன்றி. இடைப்பட்ட ஆண்டுகள் செய்யும் வடிகட்டலை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ‘ஒற்றன்’ நாவலில் பெரிய நிகழ்ச்சிகள் இல்லாமலே ஒவ்வொரு அத்தியாயமும் அழுத்தமாக இருப்பதற்கு அது பொருத்தமான விளக்கம்.

வழிப்போக்கர் காட்டிய மலைபடுகடாம் எனக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. அங்கே வழி சொல்பவனும் ஒருகாலத்தில் வறுமையோடு அதே வழியில் நடந்தவன். பரிசில் கிடைத்தால்தான் அவன் சுற்றத்துக்குச் சோறு. அதனால்தான் ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு கல்லும் அவனுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கின்றன. நம்பகத்தன்மையும் தேவையும் அந்தப் பாடலில் ஒருவனிடமே சேர்ந்திருக்கின்றன. ஆகவே, நீங்கள் இருவரும் சொன்னவை ஒன்றுக்கொன்று முரணானவை என்று நான் கருதவில்லை.

‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலை அடுத்துப் படிக்கவிருக்கிறேன். கரைவழி அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஜானகிராமன் ஜப்பானுக்குச் சென்றுவந்து எழுதிய ‘உதய சூரியன்’ நூலைத் தாங்கள் படித்திருந்தால், முற்றிலும் அந்நியமான ஒரு நாட்டில் அவருடைய நடை எப்படி இருக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுத முடியுமா?