ஃபில்டர் போட்ட ஒரே ஒரு பையில் மட்டும் வெள்ளணு எகிறுகிறது, எங்கே தேடுவது?

ரத்தமையம்_டெக்:
வணக்கம். லூக்கோ ஃபில்டர் (வெள்ளணுவைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி) போட்ட ரெட் செல் பைகளில் மிச்சமிருக்கும் வெள்ளணுக்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி எண்ணும் மெஷின்) எண்ணுகிறோம். பீட்ஸ் (எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகள்) உள்ள டியூபில் 100 மைக்ரோலிட்டர் சாம்பிள், 400 மைக்ரோலிட்டர் பிஐ–ஆர்என்ஏஸ் கரைசல் (பிஐ டிஎன்ஏ, ஆர்என்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம், ஆர்என்ஏஸ் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி), இருட்டில் 5 நிமிடம். வழக்கமாக 10,000 பீட்ஸ் ஓடி முடிவதற்குள் வெள்ளணு கேட்டில் (பிளாட்டில் வெள்ளணுவுக்கென்று வரைந்த கட்டம்) பத்துப் பன்னிரண்டு புள்ளிதான் விழும். நேற்று ஒரு பையில் 420! டியூபில் பீட்ஸ் 50,000 என்று வைத்தால் மைக்ரோலிட்டருக்கு 21. பை 280 மில்லி, ஆக மொத்தம் 58 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு பைக்கு அமெரிக்க ரத்த வங்கி அமைப்பான ஏஏபிபியின் எல்லை 50 லட்சம், ஐரோப்பிய எல்லை 10 லட்சம்தான். அதே நாள், அதே லாட் ஃபில்டர், மற்ற பைகளெல்லாம் சுத்தம். கேட்டில் கோளாறா, சாம்பிளிலா?

கேட்_ராஜா:
த்ரெஷோல்ட் (எதை மெஷின் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற வரம்பு) எதில் வைத்திருக்கிறீர்கள்? எஃப்எஸ்சியில் (செல்லின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல்) இருந்தால் சிவப்பணுக் கூட்டத்திலேயே மெஷின் திணறிவிடும், பிஐ சேனலுக்கு மாற்றுங்கள். அடுத்து பிளாட்டைப் பாருங்கள். அந்த 420ம் ஒரே கொத்தாக நிற்கிறதா, கீழிருந்து வால் போல இழுத்துக்கொண்டு வருகிறதா? வால் இருந்தால் ஆர்என்ஏஸ் சரியாக வேலை செய்யவில்லை, ரெட்டிக்குலோசைட்டில் (இளம் சிவப்பணு) உள்ள ஆர்என்ஏவும் பிஐ பிடித்து ஒளிர்கிறது.

ரத்தமையம்_டெக்:
த்ரெஷோல்ட் பிஐயில்தான் சார். கொத்து கச்சிதமாக இருக்கிறது, வால் இல்லை.

பழைய_கை:
அதுக்கு முன்னாடி மெஷினில் என்ன ஓடுச்சு? ஃபில்டருக்கு முந்தைய சாம்பிள் ஓடியிருந்தா சந்தேகமே வேண்டாம், அது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அதில் மைக்ரோலிட்டருக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளணு. ஆயிரத்தில் ஒரு பங்கு தங்கினாலே இந்த மாதிரி எண்ணிக்கை நாசம்.

ரத்தமையம்_டெக்:
அதேதான் ஓடியது அண்ணா. தண்ணீர் விட்டுக் கழுவி, வெறும் பஃபர் ஓட்டி, புது டியூபில் மறுபடி போட்டேன். பஃபரில் 1 புள்ளி, சாம்பிளில் 411. எங்கள் சீனியர் அக்கா நஜோட் சேம்பரில் (மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணும் கோடு போட்ட கண்ணாடி) கையால் எண்ணிப் பார்த்தார், மைக்ரோலிட்டருக்கு 19 வந்தது.

டிஎம்_டாக்டர்:
ரெண்டு முறையும் ஒத்துப்போகிறதே, மெஷினை விட்டுவிடுங்கள். வெள்ளணு நிஜமாகவே பைக்குள் இருக்கிறது. ஃபில்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆச்சு? டோனர் எந்தப் பக்கம்?

ரத்தமையம்_டெக்:
மற்றதெல்லாம் அரை மணிக்குள் இறங்கிவிட்டது. இது இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடைசியில் சொட்டுச் சொட்டாக. நீலகிரி கூடலூர்ப் பக்க முகாமில் எடுத்த பை. டோனருக்கு எச்பி (ஹீமோகுளோபின்) 14, நல்ல ஆரோக்கியம்.

டிஎம்_டாக்டர்:
சிக்கிள் ட்ரெயிட் (அரிவாள் செல் நோயின் மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பது) பாருங்கள். சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. பையில் உள்ள சிட்ரேட் கரைசலோ அமிலத்தன்மை கொண்டது, ஆஸ்மோலாலிட்டியும் (கரைபொருள் செறிவு) அதிகம். இந்தச் சூழலில் எச்பி எஸ் (சிக்கிள் ஹீமோகுளோபின்) மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு சிவப்பணு விறைக்கும், வளைந்து கொடுக்காமல் ஃபில்டர் இழையில் சிக்கிக்கொள்ளும். சில பைகள் பாதியிலேயே அடைத்துவிடும். சில, உங்களுடையதைப் போல, எப்படியோ இறங்கினாலும் வெள்ளணுவையும் கூடவே கொண்டுவரும். இந்தியாவில் சிக்கிள் இருப்பதை லெஹ்மனும் கட்புஷும் 1952-ல் முதன்முதலில் எழுதியதே நீலகிரிப் பழங்குடி மக்களைப் பற்றித்தான். அதனால்தான் ஊரைக் கேட்டேன். சாலுபிலிட்டி டெஸ்ட் (எச்பி எஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை) போட்டு, பாசிட்டிவ் என்றால் எச்பிஎல்சிக்கு (எச்பி வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) அனுப்புங்கள்.

ரத்தமையம்_டெக்:
சாலுபிலிட்டி பாசிட்டிவ் டாக்டர். எச்பிஎல்சியில் எஸ் 36 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் ஏ (சாதாரண எச்பி). பையை என்ன செய்ய?

டிஎம்_டாக்டர்:
ட்ரெயிட்தான். "லூக்கோ ரெட்யூஸ்டு" லேபிள் கூடாது. பச்சைக் குழந்தைக்கோ சிக்கிள் நோயாளிக்கோ போகவே கூடாது. மற்றபடி கொடுப்பதா ஒதுக்குவதா என்பதை உங்கள் மெடிக்கல் ஆபீசர் ஹீமாலிசிஸ் (சிவப்பணு உடைந்திருக்கும் அளவு) பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். டோனரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். இது நோயில்லை, ஆனால் துணைக்கும் ட்ரெயிட் இருந்தால் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று சொல்லியே ஆகணும். போனில் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்கள்.

பழைய_கை:
இன்னொண்ணு தம்பி. தரக்கட்டுப்பாட்டுக்கு ஏதோ சில பைகளைத்தான் எடுத்து எண்ணுறோம். இந்தப் பை அதில் விழுந்தது உங்க அதிர்ஷ்டம். ஃபில்டர் ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம் ரெண்டையும் ரிஜிஸ்டரில் எழுதுங்க. ஒரு மணி தாண்டினா, சாம்பிள் பட்டியலில் இல்லாட்டியும் அந்தப் பையை எண்ணிடுங்க.

ரத்தமையம்_டெக்:
நேரத்துக்கு ரிஜிஸ்டரில் கட்டமே கிடையாது அண்ணா. நாளைக்கே கோடு போட்டுவிடுகிறேன்.