சாயத்தண்ணி கேஸ் போட்ட அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கமுங்க. நொய்யல் ஓரமா எங்க தோட்டம். மழை பேஞ்சா போதும், மேக்கால இருக்கற ஒரு பட்டறைல ராவோட ராவா தண்ணிய தொறந்து உட்டுர்றாங்க, விடிஞ்சு பாத்தா வாய்க்கால் மடைல நுரை நிக்குது, எருமை மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது. 2011ல ஐகோர்ட்டே திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு, அதுக்கு முன்னயே 1996ல வேலூர் தோல் பட்டறை கேஸ்ல கெடுத்தவனே காசு கட்டோணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிப்போட்டுது, ஆனா இங்க மனு குடுத்தா ரசீதுதான் வருது.

அதனால சுற்றுச்சூழல் கேஸ விசாரிக்கற சென்னை பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போலாம்னு இருக்கறோம். நஷ்டஈடு கேக்காட்டி ஃபீஸ் 1000 ரூவாதானாமா, அது பரவால்ல. கொழப்பம் என்னன்னா, தப்பை நிறுத்தச் சொல்லிக் கேக்கறதுக்கு 6 மாசம், நஷ்டஈட்டுக்கு 5 வருசம்னு சட்டத்துல இருக்குது. மறுக்கா மறுக்கா தொறந்து உட்டா அந்த 6 மாசத்தை எப்ப இருந்துங்க எண்றது? அப்பறம் நாங்களே பாட்டில்ல புடிச்சு லேப்ல குடுத்த ரிப்போர்ட்டு செல்லுமா, இல்ல அதிகாரி வந்து புடிச்சாத்தானா? வக்கீல் இல்லாம நேரா மனு போட்டவங்க யாராச்சும் இருந்தா அந்த மனு மாதிரிய இன்பாக்ஸ்ல அனுப்புங்க சாமி.