எட்டு மாதத்தில் எட்டு முறை காது, தொண்டை: இனி ஈஎன்டி டாக்டரிடம் போக வேண்டுமா?

கேள்வி: கோவில்பட்டி அம்மா

வணக்கம். என் மகனுக்கு ஐந்தரை வயது. யுகேஜி படிக்கிறான், எடை 16 கிலோ. போன ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இந்த பிப்ரவரிக்குள் எட்டு முறை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் என்ன ஆனது என்று எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்துக் குத்தி வைப்பேன். நேற்று ராத்திரி அத்தனையையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன்.

ஜூன், ஜூலை, செப்டம்பர், நவம்பர், இந்த பிப்ரவரி என்று ஐந்து முறை தொண்டை. அதில் மூன்று முறை காய்ச்சல் 102 வரை போனது, கழுத்தில் நெறி கட்டியது, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து டான்சிலில் வெள்ளை படிந்திருப்பதாகச் சொன்னார். மற்ற இரண்டும் மூக்கொழுகல், இருமலோடு வந்து நான்கு நாளில் போய்விட்டன.

ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி மூன்றும் காது. அக்டோபரில் வந்ததை என்னால் மறக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு இடது காதைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பாராசிட்டமால் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். விடியற்காலையில் வலி சட்டென்று நின்றது. அப்பாடா என்று பார்த்தால் தலையணை உறையில் மஞ்சளாகச் சீழ், நடுவில் ஒரு துளி ரத்தம்.

எங்கள் குழந்தைகள் டாக்டர் நல்லவர், பொறுமையானவர். அவரும் போன தடவை, "இன்னும் ஒருமுறை வந்தால் ஈஎன்டி பார்த்துவிடலாம்" என்றார். அந்த "இன்னும் ஒருமுறை" வரட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. திருநெல்வேலி போய்ப் பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். அவர் லோடு வண்டி ஓட்டுகிறார், ஒரு நாள் வண்டி நின்றாலும் சிரமம்தான். ஆனாலும் அவனுக்காக என்றால் போவோம். என் மாமியார், வளர வளரச் சரியாகிவிடும் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, டான்சிலை எடுத்தால் குரல் மாறிவிடும், எதிர்ப்பு சக்தி போய்விடும் என்கிறார். எத்தனை முறை வந்தால் போக வேண்டும் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா? போனால் உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களா?

இன்னொன்று, இதோடு சம்பந்தப்பட்டதா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாடத்தில் கவனம் இல்லை என்று டீச்சர் டைரியில் இரண்டு முறை எழுதியிருக்கிறார். அதற்காக அவனை நான் திட்டியிருக்கிறேன்.

பதில் 1: வார்டு சிஸ்டர்

அம்மா, நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் 17 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, டீச்சர் சொன்னது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த எட்டுச் சீட்டையும்விட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

காது வலி போய்விட்டது, சீழ் நின்றுவிட்டது என்றால் காது சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்போம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியே இருக்கலாம். மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுக்காதுக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுத்தவாக்கிலும் இருப்பதால் சளி பிடித்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் நீர் வடியாது. வலிக்காது, காய்ச்சல் வராது. ஆனால் இரண்டு காதிலும் பஞ்சை வைத்தது மாதிரிதான் அவனுக்குக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பதில் சொல்வான். முப்பது பிள்ளைகள் இரைச்சல் போடும் வகுப்பில், முதுகுக்குப் பின்னாலிருந்து டீச்சர் கூப்பிட்டால் கேட்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். அதைத் தாண்டியும் நின்றால் கேட்கும் திறனைச் சோதிக்காமல் விடக்கூடாது.

சரி, கணக்குக்கு வருகிறேன். காதையும் தொண்டையையும் ஒன்றாகக் கூட்டி எட்டு என்று சொல்லாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. தொண்டைக்கு உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் அளவு இது: ஒரு வருடத்தில் ஏழு முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று. தொண்டை வலியோடு 101க்கு மேல் காய்ச்சலோ, கழுத்தில் நெறியோ, டான்சிலில் வெள்ளையோ, ஸ்ட்ரெப் கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவோ, ஒன்றாவது இருந்தால்தான் ஒரு முறை என்று எண்ணுவார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் செய்து 1984இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்த அளவு இது. இதன்படி உங்கள் பையனுக்கு மூன்றுதான். டான்சிலை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

காதுக்கு ஆறு மாதத்தில் மூன்று, அல்லது ஒரு வருடத்தில் நான்கு. ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்குள் மூன்று முறை வந்துவிட்டதே! "இன்னும் ஒருமுறை" வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஈஎன்டி டாக்டரிடம் போவதும் ஆபரேஷனுக்குப் போவதும் ஒன்றில்லை. எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் பரிசோதனை முடித்து, மறுபடி வர ஒரு தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போகிறார்கள். எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். சீழ் வந்ததென்றால் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது. அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், ஆனால் மூடிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை எண்ணெய், பட்ஸ், கோழி இறகு எதுவும் உள்ளே போகக்கூடாது. மாமியாரிடம், ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே இறங்கிவிடும் என்று சொல்லிப் பாருங்கள். பேரன்மேல் இருக்கும் பாசத்தில்தான் அவர் சொல்கிறார், காரணம் தெரிந்தால் விட்டுவிடுவார்.

டான்சிலை எடுத்துக் குரல் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. மூக்கின் பின்பக்கம் இருக்கும் அடினாய்டு என்கிற சதை பெரிதாக இருந்த பிள்ளைகளுக்கு அதையும் எடுத்தபின் மூக்கடைத்த குரல் கொஞ்சம் தெளிவாகும், அவ்வளவுதான். எதிர்ப்பு சக்திக்கு உடம்பில் வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. உண்மையில் பயப்பட வேண்டியது ரத்தப்போக்குக்கு. அது முதல் 24 மணி நேரத்தில் வரலாம், இல்லையென்றால் ஐந்து முதல் பத்து நாளுக்குள் வரலாம். தேவையில்லாமல் செய்ய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்ட்ரெப் கிருமியால் வந்த தொண்டைக்கு அமாக்ஸிசிலின் கொடுத்தால் வழக்கமாகப் பத்து நாள். அரைகுறையாக விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். நம் ஊரில் இன்னும் அதைப் பார்க்கிறோம்.

காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கிக் காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், வாயைத் திறக்க முடியாமல் எச்சில் ஒழுகினால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், கழுத்து விறைத்தால், கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த நிமிஷமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். தூங்கும்போது குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா?

பதில் 2: கோவில்பட்டி அம்மா

சிஸ்டர், உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான். கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொள்கிறான். குறட்டை வருகிறது, நடுவில் ஒரு நொடி நின்று, பெருமூச்சு விட்டு, மறுபடி ஆரம்பிக்கிறது. அவன் அப்பாவும் குறட்டை விடுவார், அதனால் இவனுக்கும் அப்படியே என்று விட்டுவிட்டேன். காலையில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். அவன் முதுகுப் பக்கம் நின்று மெதுவாக, "கடலைமிட்டாய் வேணுமா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து கேட்டதும் கையை நீட்டினான்.

பதில் 3: திருப்பூர் கீதா

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகளுக்கு இதேதான், ஆறு வயதில்.

அவளுக்கு அடினாய்டு. மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை, வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் எங்களுக்கும் இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று. பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள், மூச்சுப் போகிற வழியை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. காதுக்கு டிம்பனோமெட்ரி என்று ஒரு சோதனை. காதில் ரப்பர் மூடி மாதிரி ஒன்றை வைத்துக் காற்றின் அழுத்தத்தை மாற்றுவார்கள், ஒரு நிமிஷ வேலை, வலி கிடையாது. நல்ல காது என்றால் சோதனைத் தாளில் வரும் கோடு மலை மாதிரி ஏறி இறங்கும். என் மகளுக்கு இரண்டு காதிலும் தரை மாதிரி தட்டையாக வந்தது. அப்புறம் ஒரு சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் டப்பாவில் ஒரு கட்டையைப் போடச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதும் உடனே ஆபரேஷன் செய்யவில்லை. மூன்று மாதம் பார்த்தார்கள். மறுபடியும் கோடு தட்டையாகவே வந்த பிறகுதான் அடினாய்டை எடுத்து, இரண்டு காதிலும் குரோமெட் என்கிற பொடிக் குழாய் வைத்தார்கள். டான்சிலைத் தொடவே இல்லை. அன்றைக்கு ராத்திரி வார்டில் படுத்துக்கொண்டு, "அம்மா, இந்த ஃபேன் ஏன் இவ்வளவு சத்தம் போடுது?" என்று கேட்டாள். அது சாதாரண ஃபேன்தான். பதினோரு மாதத்தில் ஒரு குழாய் குரும்பியோடு தானாக வெளியே வந்துவிட்டது, இன்னொன்று அதற்கு அடுத்த மாதம்.

திருநெல்வேலிக்குப் போவதற்குமுன் போன் செய்து, காது கேட்கும் சோதனை அதே நாளில் அங்கேயே செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அது தெரியாமல் இரண்டு நாள் அலைந்தோம். அந்தக் காலண்டர் தாள்களையும் தவறாமல் எடுத்துப் போங்கள்.

பதில் 4: தஞ்சாவூர் அப்பா

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. என் பையனுக்கு நான்கு வயதில் ஒரே வருடத்தில் ஐந்து முறை டான்சில். எடுத்துவிடுங்கள் என்று நானே டாக்டரிடம் போய் நின்றேன். காது நன்றாகக் கேட்கிறது, தூக்கத்தில் தொந்தரவு இல்லை, எடையும் ஏறுகிறது, ஒரு வருடம் பார்ப்போம் என்றார் அவர். அடுத்த வருடம் இரண்டு முறை வந்தது. அதற்கடுத்த வருடம் வரவே இல்லை. இப்போது ஒன்பது வயது, ஐஸ்கிரீம் எல்லாம் சாப்பிடுகிறான். ஆனால் உங்கள் பையனுக்குக் குறட்டையும் காதும் சேர்ந்திருப்பதால் என் கதையை வைத்துக் காத்திருந்துவிடாதீர்கள் அம்மா.

பதில் 5: கோவில்பட்டி அம்மா

போய் வந்துவிட்டோம். வியாழக்கிழமை காலை முதல் பஸ்.

கீதா அக்கா சொன்ன அதே கோடு, இரண்டு பக்கமும் தட்டை. இடது காது ஓட்டை மூடிவிட்டது, ஆனால் உள்ளே நீர் நிற்கிறது. கட்டையைப் போடும் சோதனையில் மெல்லிய சத்தங்கள் அவனுக்குக் கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் அடினாய்டு பெரிதாகத்தான் இருக்கிறது. டாக்டர் காலண்டர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். ஜனவரியில் வந்ததன் நீராக இருக்கலாம், வற்ற இன்னும் நேரம் கொடுப்போம், ஏப்ரல் கடைசியில் மறுபடி சோதிப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் அடினாய்டையும் குழாயையும் பற்றிப் பேசலாம் என்றார். நடுவில் குறட்டையில் மூச்சு நிற்பது அதிகமானால் அதற்கு முன்பே வரச் சொன்னார். மூக்குக்கு ஒரு ஸ்பிரே கொடுத்திருக்கிறார். டான்சிலைப் பற்றி நானாகக் கேட்டேன், இப்போது வேண்டாம் என்றார்.

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டார். டீச்சரிடம் சோதனைத் தாளைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அவன் பையை எடுத்துக்கொண்டு போய் முதல் பெஞ்சில், தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் திட்டியதைப் பற்றி அவனிடம் பேசினேன். "நீ கூப்பிட்டது கேக்கலம்மா" என்றான். இத்தனை நாளும் அவன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் சோதனை முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.