யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரைகளில் பறவைகளைப் படமெடுக்க ஏற்ற இடங்கள் எவை?

கேள்வி: வலிகாமத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் கொக்குவிலில் வசிக்கிறேன். பறவைகளை ஒளிப்படம் எடுப்பதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. 400 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும், போய்வர ஒரு மோட்டார் சைக்கிளும் இருக்கின்றன; சனி, ஞாயிறு நாள்களில் மட்டுமே நேரம் கிடைக்கும். கடல்நீரேரியில் பறவைகள் கூட்டங்கூட்டமாக நிற்பதைப் பார்க்கிறேன், ஆனால் அவை எப்போதும் எட்டாத் தொலைவிலேயே நிற்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் இறகுகளின் விவரம் எதுவும் தெரிவதில்லை. பலரும் சுண்டிக்குளத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போகாமல் குடாநாட்டுக்குள்ளேயே நல்ல இடங்கள் உண்டா? எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவது நல்லது? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பண்ணைக்கரை

தம்பி, சுண்டிக்குளம் பிறகு இருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றரில் பண்ணைத் தாம்போதி, அதாவது நீரேரிக்குக் குறுக்கே செல்லும் வீதி, இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இடத்தின் பெயரைவிட நீரின் ஆழத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெடுங்கால் உள்ளான், நாரை, கொக்கு, கரண்டிவாயன் ஆகியவை காலூன்றி நின்று இரை தேடுபவை. கார்த்திகை, மார்கழி மழையில் கடல்நீரேரியும் தரவைகள் எனப்படும் தாழ்ந்த புல்வெளிகளும் நிரம்பி நிற்கும்போது கூழைக்கடாவும் வாத்துகளும் நடுநீரில் மிதக்குமே தவிர, கரைப்பறவைகள் மேட்டு நிலத்துக்கு ஒதுங்கிவிடும். தை மாதத்தின் நடுப்பகுதிக்குப் பின்னர் நீர் மெல்ல இறங்கிக் கரையோரச் சேறு தெரியத் தொடங்கும். அந்த ஈரச் சேற்றின் விளிம்பு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பறவைகள் நிற்கும். நீர் வற்ற வற்ற அந்த விளிம்பும் நகரும் என்பதால், சென்ற கிழமை நிறைந்திருந்த வெளி இந்தக் கிழமை வெறுமையாக இருக்கலாம். நம்முடைய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனால் தரை மிகத் தட்டையானது என்பதால் ஒரு சாண் நீர் இறங்கினாலே பெரும்பரப்பு வெளித்தெரிந்துவிடும். கரையில் வலை காயவைக்கும் மீனவரிடம் வற்று எப்போது என்று கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வார்.

அடுத்தது வெயிலும் காற்றும். பண்ணை வீதி நகரிலிருந்து மண்டைதீவை நோக்கித் தென்மேற்காகப் போகிறது. காலையில் வீதியின் மேற்குப் பக்க நீரைப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் கிழக்குப் பக்கம். இதைவிட முக்கியமானது, பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே பறக்கும் என்பது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் மாதங்களில் காலை வெயிலும் காற்றும் ஏறத்தாழ ஒரே பக்கத்திலிருந்து வருவதால், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்பவரை நோக்கியே பறவை இறங்கும். முகத்திலும் மார்பிலும் ஒளி விழும். வைகாசிக்குப் பிறகு சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும்போது இதே வாய்ப்பு மாலை வேளைக்கு மாறிவிடும்.

இறகுகளின் விவரம் தெரியாததற்குத் தொலைவு மட்டும் காரணமாக இருக்காது. காலை எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் சேற்று வெளியின் மேல் கானல் அலையத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் தொலைவிலுள்ள பறவையைத் தெளிவாகப் பிடிக்க முடியாது. பொழுது விடியும்போதே இடத்தில் இருங்கள். மோட்டார் சைக்கிளை வீதியோரம் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு அதன் அருகிலேயே தாழ்வாக அமருங்கள். வாகனங்களுக்குப் பழகிய பறவைகள் நிற்கும் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. எழுந்து நடக்கும் மனிதரைக் கண்டால்தான் விலகும். களங்கட்டி வலைக்காக நட்ட கம்புகளில் ஆலாக்கள் வரிசையாக வந்து அமரும். பெரிய ஆலாவின் சிவந்த தடித்த அலகை அந்தத் தொலைவில் 400 மில்லிமீற்றரிலேயே நன்றாக எடுக்கலாம். ஆலா பாய்வதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 செக்கனுக்குக் குறையாமல் இருக்கட்டும். வெள்ளைக் கொக்குக்கு வெயில் ஏறிய பின் வெளிச்சத்தை ஒரு படியளவு குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இறகின் மடிப்புகள் வெளிறிப்போகும்.

பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் தாம்போதியும் இதே போன்றது. அது ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடப்பதால், சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் வடக்குப் பக்க நீருக்கே நல்ல ஒளி கிடைக்கும். பாதுகாப்புப் படை முகாம்கள் அருகில் இருக்கும் இடங்களில் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். யாரும் வந்து விசாரித்தால் எடுத்த படங்களைத் தயங்காமல் காட்டுங்கள்.

பதில்: மீசாலை ஆசிரியை

பண்ணைக்கரை அண்ணா சொன்னவற்றோடு தென்மராட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புத்தூரிலிருந்து மீசாலைக்கு வரும் வீதியில் சரசாலையைச் சூழ்ந்த வெளிகளும் கண்டல்களும், யாழ்ப்பாணம் பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியும் தொண்டைமானாற்று நீரேரியின் பகுதிகளே. திறந்த கடலின் அலை இங்கே இல்லை, நீர் அசையாமல் கிடக்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் நெடுந்தூரம் பறந்து ஐப்பசியளவில் வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். மஞ்சள்மூக்கு நாரையை இங்கே ஆற அமர இருந்து பார்க்கலாம். அலகைப் பாதி திறந்து நீருக்குள் அமிழ்த்தி இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். ஒற்றைக் காலால் சேற்றைக் கிளறி மீனைக் கலைக்கும். மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிவிடும். மீனைத் தூக்கி விழுங்குவதைப் படமெடுக்க விரும்பினால் அலகைப் பார்க்காதீர்கள், கிளறும் காலைக் கவனியுங்கள். கால் பலமுறை கிளறிய பிறகு தலை சட்டென்று உயரும்.

நீர்ப்பறவைகளோடு நின்றுவிடவும் வேண்டாம். இலங்கையில் பெரும்பாலும் வடபகுதியிலேயே காணக்கூடிய கரிச்சானும் கவுதாரியும் நமக்கு வேலியோரப் பறவைகள். பனங்கூடல்களில் பனங்காடை, பனை உழவாரன், மின்கம்பிகளில் பஞ்சுருட்டான் என்று தோட்டவெளிகளிலேயே ஒரு காலைப்பொழுது போதாமல் போகும். புகையிலை, வெங்காயத் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் வேளையில் வாய்க்கால் ஓரத்தில் கொக்குகள் கூடும். தோட்டக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், வரம்பை மிதிக்க வேண்டாம்.

இரண்டு விடயங்களை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி நீண்ட காலமாக நடந்தது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தை மட்டும் அல்ல, மக்கள் நடமாடித் தேய்ந்த பாதை இல்லாத எந்தப் பற்றைக்குள்ளும் ஒரு பறவைக்காக இறங்காதீர்கள். மற்றது, ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டு ஓயாமல் கத்தினால் முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். உடனே வந்த வழியே திரும்பிவிடுங்கள். தாய் விலகி நிற்கும் நேரத்தில் வெயிலில் முட்டை அவிந்துவிடும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

வலிகாமத்தான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காற்றின் திசையைப் பற்றி நான் எங்கும் வாசித்ததில்லை. வலசைப் பறவைகள் போன பிறகு, ஆனி, ஆடி மாதங்களில் கமராவை மூடிவைத்துவிட வேண்டியதுதானா? பூநாரையை எடுக்கச் சுண்டிக்குளம் போயே ஆகவேண்டுமா?

பதில்: கிளிநொச்சிவாசி

பூநாரைகள் மண்டைதீவு, அரியாலைப் பக்க நீரிலும் சில ஆண்டுகளில் இறங்குகின்றன. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. உவர்ப்பு ஏறிய ஆழங்குறைந்த நீரில்தான் அவற்றின் உணவு பெருகும் என்பதால், மழை பிந்தி நீர் வற்றாமல் நிற்கும் ஆண்டில் அவை வேறிடம் போய்விடும். தை முதல் பங்குனி வரை தேடுங்கள். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இயக்கச்சியிலிருந்து கிழக்கே கட்டைக்காட்டுப் பக்கமாகப் போகலாம். பறவைகளின் எண்ணிக்கை அங்கே மிகுதிதான், ஆனாலும் வெளி மிகப் பரந்தது. 400 மில்லிமீற்றர் லென்ஸுக்குக் கூட்டக் காட்சிகள் கிடைக்குமே தவிர, ஒற்றைப் பறவையின் நெருக்கமான படம் கிடைப்பது அரிது. கூட்டத்தை எழுப்பிப் பறக்கவைத்துப் படமெடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நெடும்பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் இழப்பு. அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் கூடாது.

ஆனி, ஆடியைப் பற்றிக் கேட்டீர்கள். கமராவை மூட வேண்டாம். நெடுங்கால் உள்ளானும் சிறிய ஆலாவும் ஆண்டு நடுப்பகுதியில் இங்கேயே குடும்பம் நடத்துகின்றன. இவற்றோடு உப்புவெளிகளில் ஓடித்திரியும் ஒரு சிறிய உப்புக்கொத்தியையும் பாருங்கள். கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உட்பிரிவாகவே நெடுங்காலம் கருதப்பட்ட இது, 2023 இல் அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாக ஏற்கப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்கிறது. இதைத் தனி இனமெனக் காட்டிய ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தவற்றுள் மன்னார்ப் பறவைகளும் உண்டு. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்பட்ட பிறகு பூநகரி வழியாக மன்னாருக்குப் போவது எளிதாகிவிட்டது; வங்காலைச் சரணாலயத்தையும் அந்தப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் அசையாமல் தரையோடு தரையாக அமர்ந்திருங்கள். இந்தப் பறவை சில அடி ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். நிற்கும் அந்தக் கணத்தில்தான் படம் எடுக்க வேண்டும். பின்தொடர்ந்தால் விலகிக்கொண்டே போகும், அமர்ந்திருந்தால் அதுவாகவே அருகில் வரும். கூட்டை மட்டும் படமெடுக்க வேண்டாம், எடுத்த இடத்தை இணையத்தில் துல்லியமாகக் குறிப்பிடவும் வேண்டாம். வீடு திரும்பியதும் லென்ஸின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். சோளகக் காலத்து உப்புக்காற்று உலோக வளையங்களை விரைவில் அரித்துவிடும்.