நினைவு ஓட்டம், நினைவு சைக்கிள் பயணம்: போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோட்டையூரான்
தை மாசம் காரைக்குடில நண்பனோட அப்பச்சி நினைவா 21 கிலோமீட்டர் ஓட்டம். குன்றக்குடி ரோடு, இருட்டோட கிளம்புறது, மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அப்பச்சிக்கு கடைசில வாரம் 3 தடவை டயாலிசிஸ், ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுல டயாலிசிஸ் ஓடிரும், ஆனா ஆட்டோ, பஸ்ஸு, கூட வர்ற ஆளோட அன்னிக்குக் கூலின்னு போறத யாரு குடுப்பா, அதான் திரட்டுற காசு அதுக்குன்னு முடிவு. நான் ஓடல, ரசீது மேசைல இருந்தேன். ஒரு ஆச்சி சுருக்குப்பைய அவுத்து 101 ரூபா வச்சு எழுதிக்கன்னாங்க. பேரு கேட்டா வீட்டுக்காரர் விலாசம், ஊரு, கோயில் வரைக்கும் சொல்றாங்க, நான் பான் நம்பர் கட்டத்தப் பாத்து முழிக்கிறேன். "இந்தச் சீட்டெல்லாம் வேணாம், நோட்டு எங்க? எங்க வீட்டு ஆளு போனப்ப அவுக வந்து நின்னு செஞ்சாக, அது திரும்பணும்ல"ங்கிறாங்க. இது மொய் இல்ல ஆச்சின்னு சொல்ல எனக்கு வாயே வரல. பக்கத்துல ஒரு பையனோட ஸ்கூல் நோட்ட வாங்கி எழுதினேன், கண்ணாடி போட்டு படிச்சுப் பாத்துட்டுத்தான் போனாங்க. இப்ப நோட்டு என் வீட்டுல கெடக்கு, அத நண்பன்கிட்ட குடுக்குறதா, காசு திரட்டுற ட்ரஸ்ட்டுல குடுக்குறதா?

தேவகோட்டை சைக்கிள்
நோட்ட நண்பன்கிட்ட குடுங்க ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு. எங்களது தேவகோட்டைல இருந்து தொண்டி கடற்கரைக்கு, பைக் ஆக்சிடென்ட்ல போன நண்பனுக்காக. ஹெல்மெட் வாங்கிக் குடுக்க காசு திரட்டுனோம். திருவாடானை தாண்டி அவன் விழுந்த எடம் வந்ததும் எல்லாரும் நிப்பாட்டிட்டோம், அப்படித்தான் பேசி வச்சது. அவன் தம்பி மட்டும் நிக்கல. சீட்ட விட்டு எந்திரிச்சு மிதிச்சுக்கிட்டே போயிட்டான், நாங்க மாலையும் கையுமா ரோட்டுல நிக்கிறோம். தொண்டில புடிச்சப்ப எறால் வறுவல் சாப்ட்டுக்கிட்டு இருந்தான், எதுவும் கேக்கல, இப்பவும் பாத்தா கிரிக்கெட் பத்திதான் பேசிக்கிறோம்.

நடராசா சர்வீஸ்
எனக்கு இதெல்லாமே ஒட்டல, கோவப்படாதீங்க. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடில இருந்து பழனிக்கு தலைமுறை தலைமுறையா நடக்குது, எவனாவது டீசர்ட் அடிச்சானா, மெடல் கேட்டானா? நான் போன ஒரு நினைவு ஓட்டத்துல செத்தவரு படத்த விட பேனர்ல கடைக்காரங்க படம் பெருசு. ஓடி முடிச்சு மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன், அந்த வீட்டு அம்மாவ ஓரமா தள்ளி நிக்கச் சொல்றான் போட்டோகிராபர், ஸ்பான்சர் பேரு மறைக்குதாம்!! அந்தம்மா சரிப்பான்னு தள்ளி நின்னுச்சு. அதுக்கப்புறம் நான் எதுக்கும் போறதில்ல, காச நேரா கைல குடுத்துட்டு வந்துடுறேன்.

ஓஆர்எஸ் பாக்கெட்
நடராசா அண்ணே, பழனி பாதயாத்திரைல வழி நெடுக அன்னதானம், தண்ணிப் பந்தல், அதெல்லாம் யாரோ குடுத்த காசுதானே, பேரு போட்ட பேனரும் அங்க உண்டு. என் கதை சின்னது, பிள்ளையார்பட்டி பக்கம் ஒரு ஓட்டத்துல முடிவுக் கோட்டுக்கிட்ட ஒருத்தர் குழறிக் குழறிப் பேசுனாரு, செத்துப் போன தங்கச்சி பேரச் சொல்லி அவ எங்கன்னு கேட்டாரு. சுத்தி நின்னவங்க அழுகுறாங்க, பாசம்னு நெனச்சுட்டாங்க. பாசமும் இருக்கும், ஆனா வழி பூரா வெறும் தண்ணியா குடிச்சுட்டே வந்தாரு மனுசன். தயவுசெஞ்சு கேளுங்க, ரொம்ப நேரம் ஓடும்போது தாகத்துக்கு மேல தண்ணிய ஊத்துனா ரத்தத்துல சோடியம் எறங்கிரும், தலைவலி, வாந்தி, குழப்பம், முத்துனா வலிப்பு கூட வரும். தாகத்துக்கு மட்டும் குடிங்க, உப்பு போட்ட நீர்மோர் நல்லது. குழம்பிப் பேசுற ஆளுக்கு இன்னும் தண்ணி குடுக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, அவரையும் அப்படித்தான் தூக்குனோம், பொழச்சுக்கிட்டாரு. அப்புறம் காசு குடுக்குறவங்க, வருமான வரில நன்கொடைக்குக் கிடைக்கிற 80ஜி கழிவு வேணும்னா 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுக்காதீங்க, கழிவு கிடைக்காது, செக்கோ யுபிஐயோ போடுங்க, புது வரி முறைல இருந்தா அதுவும் கிடையாது. ட்ரஸ்ட்டுக்கு 80ஜி பதிவு இருக்கான்னும் மொதல்ல பாருங்க.

தேவகோட்டை சைக்கிள்
யாரு கேட்டா 80ஜி 😄

கானாடுகாத்தான் பொண்ணு
எங்க அக்காவுக்கு மார்பகப் புத்துநோய். அவ நினைவா ஊருக்குள்ள 5 கிலோமீட்டர் நடை வச்சோம், மேமோகிராம், அதான் மார்பக எக்ஸ்ரே, அந்த முகாம் நடத்த காசு. பெரிய வீட்டுத் தெருவுல போறப்ப பிள்ளைங்க பாட்டுப் போட்டு சிரிச்சுக்கிட்டு வருதுங்க. திண்ணைல ஒரு ஐயா எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சு "யாரு ஆத்தா செத்தது?"ன்னாரு. அக்கான்னு சொன்னேன். "கூடப் பொறந்தவளா? அப்ப நீ ஏன் சிரிக்கிற"ன்னு கேட்டாரு. திட்டல, நெசமாவே கேட்டாரு. எனக்கு வாய்ல ஒண்ணும் வரல, கூட்டம் தள்ளிட்டுப் போயிருச்சு. நடராசா அண்ணே சொன்ன பேனர் கதை நெசம்தான், ஆனா எங்க முகாமுல வந்த பொம்பளைங்க பாதிப்பேரு அந்த நடைய வேடிக்கை பாத்துட்டுத்தான் வந்தாங்க, கைல காசு குடுத்திருந்தா வந்திருப்பாங்களா? அடுத்த நடைக்கு அந்தத் தெரு வேணாம்னு அக்கா மக சொல்றா. அதே தெருதான்னு சொல்லிட்டேன், ரெண்டு நாளா எங்கூட பேச மாட்டேங்கிறா.